பிரெஞ்சுப் பாடமும் தமிழ்ப் பிள்ளைகளும்

பிறமொழி பயில்வது தாய்மொழிக்குத் தீங்கு என்பார் ஒரு சாரார். தாய்மொழியை மறந்தாலன்றிப் பிறமொழி நாவில் ஏறாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாரார் கூற்றும் பிழை என்பதை நாம் ஏட்டிற் கண்டு தெளிந்தோமல்லோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் அமர்ந்திருந்த வகுப்பறையிற் கண்டே தெளிந்தோம். புதுச்சேரியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகட்குப் பிரெஞ்சு மொழியின் தொடக்கப் பாடங்களைச் சில ஆண்டுகள் கற்பித்தோம். அப்பழக்கத்தால் நமக்கு விளங்கிய சில உண்மைகளை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழன்பர்களின் முன்னர் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"பிரெஞ்சுக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று தோட்டத்து அன்பர் ஒருவர் வினவக்கூடும். உறவு உண்டு. புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் குடியேறியது 1674இல். ஆங்கிலேயரிடமும் ஒல்லாந்தரிடமும் இடையிடையே பறிகொடுத்தும் மீட்டும், 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை அவர்கள் அங்கு ஆண்டனர். சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல் நிறைவேறிற்று. ஆட்சி போயிற்றேனும் மொழி முற்றும் போகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையுடைய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு உள்ளன. பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை ஊரார் 'சொல்தா' என்றே அழைப்பர். நும் மண்ணிலும் அம்மொழியின் சுவடு உண்டு. சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் போட்டவரும், 1917இல் தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்ப்பனையை வாணிபப் பயிராக நட்டவருமான ஆன்றி ஃபோக்கோனியே என்பார் பிரெஞ்சுக்காரரே. அவர் 'மலேசி' என்னும் புதினத்தை எழுதி 1930ஆம் ஆண்டிற் கொங்கூர்ப் பரிசு பெற்றார். அந்நூலில் தமிழ்த் தொழிலாளரும் வருகின்றனர். நம்மவரைப் பற்றித் துரை எழுதினார், உலகம் படித்தது. நம்மவருள் அதனை அம்மொழியிலேயே படித்து, மெய் இது, பொய் இது எனக் கூற வல்லார் எத்துணையர்?

நிற்க. இனி வகுப்பறைக்குச் செல்வோம்.

பிரெஞ்சு கற்கப் புகும் பிள்ளையை முதல் நாளிலேயே மருட்டுவது அம்மொழியின் மூக்கொலி. 'நல்ல' என்னும் பொருளுடைய 'போன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈற்றில் எழுதப்படும் னகரத்தை நாவினால் ஒலித்தல் ஆகாது. முன்னுள்ள ஓகாரமே மூக்கின் வழியாக வெளிப்பட வேண்டும். ஆங்கிலப் பழக்கம் மிக்க பிள்ளைகள் 'போங்' என்று ஒலித்து இடர்ப்படுவர். அத்தகைய வேளையில் நாம் பிரெஞ்சை ஒருபுறம் வைத்துவிட்டு, "வீட்டிற் பேசுவது போல 'மரம்' என்று சொல்லுங்கள்" என்போம். நாற்பது பேரும் சொல்வர். "உதடு மூடிற்றா?" என்று கேட்போம். ஒருவரையொருவர் பார்த்து வியந்து, "இல்லை, முசே!" என்பர். 'அவன்' என்னும் சொல்லை விரைந்து பேசுங்காலும் ஈற்று னகரம் நாவிற்கு வாராமல் மூக்கிலே கரைந்துவிடுகிறதன்றோ? ஏட்டுத் தமிழில் இல்லாத இவ்வொலி நம் பேச்சுத் தமிழிற் குடியிருக்கிறது. குப்பத்திலும் சேரியிலும் வளர்ந்து, "உன் பேச்சு கொச்சை" என்று இகழப்பட்ட பிள்ளைகளே அன்று பிரெஞ்சு மூக்கொலியைப் பிழையின்றி ஒலித்தனர். அவர்களின் முகம் மலர்ந்ததை நாம் மறந்தோமில்லை.

தமிழில் இல்லாத ஒலிகளும் சில உள. 'நீ' என்று பொருள்படும் 'தூ' என்பதன் உயிர், நம் ஊகாரமன்று. இகரத்திற்கு வைப்பது போல நாவை வைத்துக்கொண்டு, உகரத்திற்குக் குவிப்பது போல இதழைக் குவித்தல் வேண்டும். எழுத்துக்களின் பிறப்பைத் தமிழிலக்கணத்திற் படித்த பிள்ளைக்கு இவ்வொரு சொற்றொடரே போதுமாயிற்று. பிரெஞ்சுப் பெயர்களை 'ழான்', 'ழூல்' என்று ழகரமிட்டு எழுதும் வழக்கம் தமிழில் உண்டு. அதனை நம்பி நம் ழகரத்தையே ஒலித்தல் கூடாதென்பதையும் முதல் வாரத்திலேயே எச்சரித்தல் வேண்டும்.

சொற்கள் ஒன்றோடொன்று புணருமிடத்துத் தமிழ் மேலும் துணை செய்தது. 'லெ' என்னும் சார்புச் சொல்லும் 'அமி' என்னும் நண்பனைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தால் 'லெ அமி' ஆகாது. உயிர் கெட்டு 'லமி' ஆகும். இதனை ஆங்கில வழியாக விளக்கப் புகுவார் அரை நாழிகை பேச வேண்டும். நாமோ கரும்பலகையில் 'வீடு + இல்லை = வீடில்லை' என்று எழுதினோம்; வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. பன்மையில் 'லே' என்பதன் ஈற்றில் எழுதப்படும் ஸகரம் தனித்து நிற்குங்கால் ஊமை. உயிர் முதற்சொல் தொடருங்கால் அது விழித்தெழுந்து 'லேஸமி' என ஒலிக்கும். 'மணி + அடித்தது = மணியடித்தது' என்பதை இதனோடு ஒப்பிட்ட ஒரு சிறுமி, "நமக்கு யகரம் புதிதாக வருகிறது; அவர்களுக்கு உறங்கிய எழுத்து எழுகிறது" என்றாள். ஒப்புமையோடு வேற்றுமையையும் உணர்ந்த அச்சிறுமிக்கு இலக்கணம் வாய்த்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம்.

வயதைக் கூறும் முறையும் இத்தகையதே. பிரெஞ்சுக்காரர் 'நான் பன்னிரண்டு ஆண்டுகளை உடையேன்' என்னும் பொருள்பட 'ழே தூஸான்' என்பர். பசியையும் 'உடையேன்' என்றே கூறுவர். ஆங்கிலத்தைப் பின்பற்றும் பிள்ளை 'இருக்கிறேன்' என்னும் வினையை இட்டுப் பிழை செய்யும். 'எனக்குப் பன்னிரண்டு வயது', 'எனக்குப் பசி' என்று எண்ணும் பிள்ளையோ, வயதும் பசியும் தனக்கு உரியவை என்று கருதுவதால், பிரெஞ்சு வழக்கை எளிதிற் பற்றிக்கொள்ளும். வினையீறுகளும் அவ்வாறே. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று இடந்தோறும் ஈறு மாற்றிப் பழகிய நாவிற்குப் பிரெஞ்சு வினைகளின் ஈற்று மாற்றம் அந்நியமன்று.

எண்ணுப் பாடத்தில் ஒரு நகைச்சுவை உண்டு. பிரெஞ்சில் எழுபது என்பது அறுபத்துப் பத்து. எண்பது என்பது நான்கு இருபது. தொண்ணூறு என்பது நான்கு இருபதும் பத்தும். ஆகவே 99 என்று கூற விரும்புவோர் நான்கு இருபது, பத்து, ஒன்பது என அடுக்க வேண்டும். பெல்ஜியத்தாரும் சுவிட்சர்லாந்தாரும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச் சொல் வைத்திருக்கின்றனர். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். சிரிப்பு அடங்கியபின், "எட்டுப் பத்து எண்பது எனின், ஒன்பது பத்து ஏன் தொண்ணூறு? நூறு அங்கு எவ்வாறு புகுந்தது?" என்று நாம் வினவுவோம். வகுப்பு வாயடைத்து நிற்கும். ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறாகும் முறையைத் தொல்காப்பியம் விதித்திருத்தலை அப்போது எடுத்துரைப்போம். பிறன் மொழியிலுள்ள விந்தையைக் கண்டு நகைத்தவன் தன் மொழியிலுள்ள விந்தையை அன்றுதான் காண்கிறான். பிறமொழிக் கல்வியின் முதற்பயன் இதுவே என்பது நமது துணிபு.

தமிழ் துணை செய்யாத இடமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பிரெஞ்சிலே பெயரெல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால். நூல் ஆண், மேசை பெண், வீடு பெண். "மேசை எப்படிப் பெண்ணாகும், முசே?" என்று கேளாத பிள்ளையை நாம் கண்டதில்லை. அறிவுடைப் பொருளை உயர்திணையென்றும் பிறவற்றை அஃறிணையென்றும் பகுத்துப் பழகியவர்க்கு இது வியப்பாகவே தோன்றும். காரணம் தேடிப் பயனில்லை. 'தாப்ள்' என்று தனித்துக் கற்பியாமல் 'லா தாப்ள்' என ஒரே மூச்சிற் கற்பித்தோம். ஆண்பாலை நீலச் சுண்ணக்கட்டியாலும் பெண்பாலைச் சிவப்புக் கட்டியாலும் எழுதினோம். நாட்பட நாட்பட அது பதிந்தது.

ஆனால் பன்மைப் பாடத்தன்று வகுப்பிற் கலகமே மூண்டது. நூறு பெண்களுக்கிடையே ஓர் ஆண் நின்றாலும் அக்கூட்டத்தை ஆண்பாற் சொல்லால் 'ஈல்' என்றே குறித்தல் வேண்டும் என்பது பிரெஞ்சு இலக்கண விதி. பெண் பிள்ளைகள், "இது என்ன நியாயம்?" என்று எழுந்து நின்றனர். தமிழில் 'அவர்கள்' என்னும் பலர்பால் இரு பாலார்க்கும் பொதுவாய் நிற்பதை அவர்களே எடுத்துக்காட்டினர். பிரான்சிலும் இவ்விதியைக் குறித்து வாதம் நிகழ்கிறதென்றும், தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களைப் பிரெஞ்சுக் கலைக்கழகம் 2019இல்தான் ஏற்றுக்கொண்டதென்றும் நாம் கூறினோம். "இவ்வளவு காலம் கழித்தா!" என்றாள் ஒருத்தி. ஆயினும், பொதுச்சொல் வைத்திருக்கும் நாம் பெண்ணுக்குப் பொதுவுரிமை வைத்திருக்கிறோமா என்ற வினாவையும் அன்றே அவர்கள் முன் வைத்தோம். விடை கூறுவார் இலர்.

இவை யாவற்றினும் நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது 'தூ', 'வூ' என்னும் இரு சொற்களின் பாடமாகும். 'தூ' என்பது நீ. 'வூ' என்பது நீங்கள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு வழக்கற்றுப் போயிற்று. தமிழ்ப் பிள்ளைக்கோ இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. நண்பனுக்குத் தூ, ஆசிரியர்க்கு வூ, தம்பிக்குத் தூ, கடைக்காரர்க்கு வூ என்று நாம் சொல்லுமுன்னரே அவர்கள் சொல்லிவிட்டனர். அப்போது பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "பள்ளியைக் கூட்டும் ஆயாவுக்கு எது, முசே?" என்றான்.

வகுப்பு இரண்டுபட்டது. சிலர் 'வூ' என்றனர். பலர் 'தூ' என்றனர். "ஏன் தூ?" என்று கேட்டோம். "எல்லாரும் அவரை 'நீ' என்றுதானே அழைக்கிறார்கள்?" என்பதே மறுமொழி. அப்பெண்மணிக்கு அகவை அறுபதிற்கு மேல். வகுப்பிலிருந்த பிள்ளைகளின் பாட்டிமார்க்கு ஒத்த வயதினர். வயதினாலோ உறவினாலோ எழுந்த 'நீ' அன்று அது. தொழிலினாலும், அத்தொழிலின் பின்னே ஒளிந்திருக்கும் பிறப்பினாலும் எழுந்த 'நீ'. பிரெஞ்சு மரபில், அறியாத முதியவர் யாவரேயாயினும் 'வூ' என்றே அழைக்கப்படுவர். அதில் தொழிலும் குடியும் பாரார் என்று விதியைச் சொன்னோம்.

விதியோடு நிறுத்தியிருந்தால் அது பாதி உண்மையே ஆகியிருக்கும். ஆகவே மறு பாதியையும் சொன்னோம். 1793இல், புரட்சியின் வேகத்திலே, குடிமக்கள் யாவரும் சமம். ஆதலின் எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்றே அழைத்தல் வேண்டும் என்று பாரிசிலே ஓர் இயக்கம் எழுந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதே பிரெஞ்சுக்காரர் கடல் கடந்து குடியேற்ற நாடுகளை ஆளச் சென்றபோது, நரைத்த தலையுடைய உள்நாட்டாரையும் 'தூ' என்றே விளித்தனர். ஒரே சொல், பாரிசின் தெருவிலே சமத்துவம். குடியேற்ற நாட்டிலே இழிவு. சொல்லில் இல்லை குற்றம். சொல்லுவோன் நிற்கும் படியில் இருக்கிறது. தோட்டத்து அன்பர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துரையும் கிராணியும் கங்காணியும் 'நீ' என்றும் 'டேய்' என்றும் விளிக்க, 'ஐயா' என்று மறுமொழி கூறி நின்ற தலைமுறையின் வழிவந்தோர் நீங்கள்.

மறுநாட் காலை அவ்வம்மையார் நடைவழியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நேற்று 'தூ' என்று வாதித்த மாணவன், "நகருங்கள், ஆயா, நான் வாளியை எடுத்து வைக்கிறேன்" என்றான். ஒரு விகுதி மாறிற்று, அவ்வளவே. பிரெஞ்சுப் பாடத்தால் ஒரு தமிழ்ப் பிள்ளையின் தமிழ் திருந்தியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இன்னொரு செய்தி. நம் மொழியிலிருந்து பிரெஞ்சிற் புகுந்த சொற்களைத் தேடிவருமாறு ஒருமுறை பணித்தோம். வெட்டிவேரையும் கட்டுமரத்தையும் மகிழ்ச்சியோடு கொணர்ந்தனர். ஒரு சிறுமி மட்டும் அகராதியை மூடி வைத்துக்கொண்டு பேசாதிருந்தாள். அவள் கண்ட சொல் 'பாரியா'. பொருள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன். பறை முழக்கிய மக்களின் பெயர், நம்மவர் அவர்க்குச் செய்த கொடுமையினால், உலக மொழிகளிலே ஒதுக்கப்பட்டோர்க்கெல்லாம் பெயராயிற்று. வெட்டிவேரை நாம் அனுப்பியது உண்மையாயின், இதனையும் நாமே அனுப்பினோம். அச்சிறுமிக்கு நாம் வேறொன்றும் சொன்னோம்: தொழிலாளர் ஒற்றுமைக்காகப் பாடுபட்ட ஃபுளோரா திரிஸ்தான் என்னும் பிரெஞ்சு மாது, 1838இல் தம் பயண நூலின் தலைப்பிலேயே தம்மைப் 'பாரியா' என்று அறிவித்துக்கொண்டார். ஒடுக்கியோர் சூட்டிய பெயரை ஒருத்தி கொடியாக உயர்த்தினாள்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டுப் பெட்டியிலிருந்த பழைய பத்திரமொன்றின் படியைக் கொண்டுவந்தான். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர் தத்தம் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வந்து, குடும்பப் பெயரொன்றும் சூட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று. அவ்வாறு துறந்தோருள் கிறித்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. இப்பத்திரம் அம்மாணவனின் மூதாதை ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதிலிருந்த 'ரெனோன்ஸ்' என்னும் வினை, நாம் அவ்வாரம் கற்பித்த முதல்வகை வினைகளுள் ஒன்று. ஈற்றைக் கொண்டு அதனை அடையாளம் கண்ட பிள்ளை, "துறக்கிறார்! எதனை, முசே?" என்றான். வரிவரியாகப் படித்தோம். மாலையில் அவன் தன் பாட்டிக்கு அதனைத் தமிழிற் சொன்னான். பல்லாண்டு பெட்டியிற் காத்த தாள் இன்னது சொல்கிறதென்று அம்மூதாட்டி அன்றுதான் அறிந்தாராம். அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளை தமிழ் மட்டும் அறிந்திருந்தால் பத்திரம் ஊமை. பிரெஞ்சு மட்டும் அறிந்திருந்தால் பாட்டிக்கு அவன் ஊமை.

இத்துணையும் கூறியதன் கருத்து யாதெனின், தமிழை ஊன்றி நின்ற பிள்ளைக்கே பிரெஞ்சு வசப்பட்டது என்பதாம். ஆனால் நாட்டில் நடப்பது வேறு. தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சை எடுத்தால் மதிப்பெண் எளிதிற் குவியும் என்று கருதும் பெற்றோர் பலர். அத்தகைய தந்தையார் ஒருவர் நம்மிடம் வந்து, தம் மகளைத் தமிழ் வகுப்பினின்று விடுவித்துப் பிரெஞ்சில் மட்டும் சேர்க்குமாறு வேண்டினார். "தமிழ்தான் வீட்டில் பேசுகிறாளே, அது போதாதா?" என்றார். "வீட்டில் சோறு உண்கிறாள் என்று பள்ளியில் உழவைப் பற்றிக் கற்பியாது விடுவீரோ?" என்று நாம் கேட்டோம். மதிப்பெண்ணுக்காக வந்த பிள்ளைகள் இருபது வாக்கியங்களை மனனம் செய்து, தேர்விற் கொட்டிவிட்டு, மறு ஆண்டிலே மறந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்க்குப் பிரெஞ்சும் வந்ததில்லை, தமிழும் நின்றதில்லை.

தமிழ் நீங்கினால் விளைவது யாதென அறிய விரும்புவோர் ரியூனியன் தீவைப் பார்க்கட்டும். பிரெஞ்சு நாட்டார் 1848இல் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரைப் பெருமளவிற் கொண்டு சென்றனர். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் சென்றன. நும் முன்னோர் ரப்பர்க் காட்டிற்கு வந்தது போலவே அவர்கள் கரும்புக் காட்டிற்குச் சென்றனர். குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் என்னும் பெரியார் தம் மக்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். அவர்களின் வழித்தோன்றல்கள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர், தமிழ்ப் பெயர் தாங்குகின்றனர், தீ மிதிக்கின்றனர். தமிழோ அவர்களுட் பெரும்பாலார் நாவில் இல்லை. அவர்கள் அறிவிற் குறைந்தோரல்லர். பிரெஞ்சு கற்றது அவர்கள் குற்றமுமன்று. தமிழ் கற்பிக்கத் தோட்டத்தில் ஒரு பள்ளி இல்லாது போயிற்று. குறைபாடுகள் பலவுடையதாயினும், கூரைக் கொட்டகையாயினும், நும் தோட்டங்களில் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது. மலேசியாவில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்பது அக்கொட்டகைகளின் பயனே.

ஆதலின் நும் பிள்ளைகள் பிரெஞ்சு கற்க விரும்பின் தடுக்காதீர். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் அதனை மூன்றாம் மொழியாகப் பயில்கின்றனர்; தமிழ்ப் பிள்ளைகளும் பயிலட்டும். பால்வெட்டும் தொழிலாளியின் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்று எள்ளுவார் சொல்லைப் பொருட்படுத்தற்க. பிறமொழி செல்வர் வீட்டு அணிகலன் அன்று. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த பத்திரங்களைத் திறக்கும் திறவுகோல். ஆனால் அத்திறவுகோலை வாங்குதற்குத் தமிழை விலையாகக் கொடாதீர். திறந்து படித்ததை வீட்டிலுள்ளார்க்குச் சொல்ல ஒரு மொழி வேண்டுமன்றோ!